வட்டியில்லா கார்டில் விடுமுறைப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைப் பயணத்தின் பெரிய செலவை வட்டியில்லா கிரெடிட் கார்டில் போட்டுவிட்டுப் பிறகு மாதாமாதம் அடைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகளில் நாணயத்தின் பெயரைச் சொல்லவில்லை. எந்த நாட்டுப் பணத்துக்கும் அவை பொருந்தும். வட்டி வரும் இடங்களில் ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது மாதத்துக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கார்டின் வட்டி இதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், அந்த எண்ணைப் போட்டு ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு 3,600 ஆகிறது. 18 மாதம் வட்டி கிடையாது என்று ஒரு புதுக் கார்டு வாங்கியிருக்கிறேன். மாதம் 200 வீதம் கட்டினால் சரியாக முடிந்துவிடும் அல்லவா?

முடியாது. இந்த வகைக் கார்டுகளில் பலரும் தடுக்கி விழும் இடமே இதுதான்.

18 மாதம் என்பது பெரும்பாலான கார்டுகளில் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஜனவரி 10-ம் தேதி கணக்கு தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியில்லா காலம் அடுத்த ஆண்டு ஜூலை 9-ம் தேதியோடு முடிகிறது. நீங்கள் மார்ச் 6-ம் தேதி பயணத்தைப் பதிவு செய்கிறீர்கள். கார்டின் பில் மாதம் 5-ம் தேதி வருகிறது, கட்ட வேண்டிய கெடு 25-ம் தேதி. அப்படியென்றால் இந்தச் செலவு ஏப்ரல் 5 பில்லில் வந்து, முதல் தவணையை ஏப்ரல் 25-ல் கட்டுவீர்கள். அதிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் 25 வரை எண்ணினால் கட்டும் தேதிகள் 15-தான். 15 முறை 200 கட்டினால் 3,000. ஜூலை 9 அன்று 600 பாக்கி நிற்கும், மறுநாளிலிருந்து அதற்கு வட்டி ஏறும்.

ஆகவே 3,600-ஐ 15 ஆல் வகுத்து 240 என்று கட்டுங்கள் என்று சொல்லலாம். ஆனால் நாங்கள் 260 என்றுதான் சொல்வோம். மாதம் 260 என்றால் 14-வது தவணையில், அதாவது மே மாதத்திலேயே கடன் தீர்ந்துவிடும். கடைசித் தவணைக்கு 220 போதும். நடுவில் ஒரு மாதம் மருத்துவச் செலவோ வண்டி ரிப்பேரோ வந்து கை கடித்தால், மூச்சு விட ஒரு மாதம் கையில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பில்லில் அச்சாகி வரும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அது பாக்கியில் 2.5 சதவீதம் என்றால் முதல் மாதம் 90 மட்டுமே கேட்கும், பிறகு மாதாமாதம் இன்னும் குறையும். அப்படி 15 முறை கட்டினால் முடிவில் சுமார் 2,460 பாக்கி. அதற்கு முதல் மாத வட்டி மட்டும் 49. அப்போது நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை சுமார் 61. அதில் 49 வட்டிக்குப் போக, அசலில் கழிவது 12-தான். வங்கி கேட்பதை எல்லாம் ஒழுங்காகக் கட்டியும் கடன் அசையாமல் நிற்பது இப்படித்தான்.

கார்டு கைக்கு வந்த அன்றே வங்கியை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கணக்கில் வட்டியில்லா காலம் முடியும் தேதி எது?" மாதக் கணக்காகச் சொன்னால் விடாதீர்கள், தேதியாக வாங்குங்கள். அந்தத் தேதிக்கு 60 நாள் முன்னால் கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் "20 மாதம் வரை" என்று இருக்கிறது. விண்ணப்பித்தால் 20 மாதம் கிடைக்குமா?

"வரை" என்ற சொல்தான் இங்கே முக்கியம். கடன் வரலாறு நன்றாக இருப்பவருக்கு 20, மற்றவருக்கு 12 என்று குறைத்துக் கொடுக்க அது வழி விடுகிறது. லிமிட்டும் அப்படித்தான். 3,600 தேவைப்படும்போது 1,500 லிமிட்டோடு கார்டு வரலாம். அதனால் கார்டு கைக்கு வந்து, லிமிட்டும் காலமும் தெரிந்த பிறகே பயணத்தை உறுதி செய்யுங்கள். டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் கார்டுக்குக் காத்திருப்பது தலைகீழான வரிசை.

கேள்வி: "வட்டி இல்லை" என்று மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஒரே சொல்லுக்குப் பின்னால் நான்கு வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன.

எல்லா கிரெடிட் கார்டுக்கும் இருக்கும் சாதாரண சலுகை நாட்கள் முதலாவது. பில் வந்து கெடு தேதிக்குள் முழுத்தொகையும் கட்டினால் வட்டி இல்லை. இரண்டாவது, புதுக் கார்டுக்குத் தரும் உண்மையான பூஜ்ஜிய வட்டிக் காலம். காலம் முடியும் நாளில் என்ன பாக்கி நிற்கிறதோ அதற்கு மட்டும், அன்றிலிருந்து வட்டி. மூன்றாவது தவணைத் திட்டம், அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

நான்காவதுதான் ஆபத்தானது: ஒத்திவைத்த வட்டி. அமெரிக்காவில் கடைகளின் பெயரில் வரும் கார்டுகளில் இது அதிகம். இங்கே வட்டி ஓடாமல் இருப்பதில்லை. அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, உங்களிடம் கேட்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கெடுவுக்குள் கடைசிக் காசு வரை கட்டினால் தள்ளுபடி. சிறு பாக்கி இருந்தாலும் முதல் நாளிலிருந்து ஓடிய வட்டி முழுவதும் ஒரே பில்லில் வந்து விழும்.

கணக்காகப் பாருங்கள். 3,000 செலவு, 12 மாதக் கெடு, மாதம் 240 கட்டுகிறீர்கள். ஆண்டு முடிவில் 2,880 கட்டியாயிற்று, பாக்கி 120. உண்மையான பூஜ்ஜிய வட்டிக் கார்டு என்றால் அடுத்த மாத வட்டி 2.40. ஒத்திவைத்த வட்டி என்றால், ஒவ்வொரு மாதமும் நின்ற பாக்கிக்கு 2 சதவீதம் போட்டு, சுமார் 403 வட்டி அந்த 120-இன் மேல் ஏறும். பெற்ற கடன் ஒன்றே, கட்டிய பணமும் ஒன்றே, கொடுக்கும் விலையோ இரண்டு வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பந்தத்தில் "கெடுவுக்குள் முழுமையாகக் கட்டினால் வட்டி இல்லை" என்று நிபந்தனையோடு எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். "வாங்கிய நாளிலிருந்து வட்டி கணக்கிடப்படும்" என்ற வரி எங்காவது சிறிய எழுத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஒத்திவைத்த வட்டிதான்.

கேள்வி: பயண ஏஜென்ட் 60,000 பேக்கேஜை வட்டியில்லாமல் ஆறு தவணை, தவணைக்கு 10,000 என்கிறார். மொத்தமாகக் கட்டினால் 56,000-க்குத் தருவாராம். எது லாபம்?

கையில் பணம் இருந்தால் 56,000 கட்டுவதே லாபம். இந்தத் தவணைக்கு "வட்டியில்லா" என்ற பெயர் பொருந்தாது.

பேக்கேஜின் உண்மையான விலை 56,000. நீங்கள் அதைக் கடனாக வாங்கி, மாதம் 10,000 வீதம் ஆறு மாதம் கட்டுகிறீர்கள். கூடுதலாகப் போவது 4,000. "56,000-க்கு 4,000 என்றால் 7 சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் முழு 56,000-உம் ஆறு மாதம் உங்களிடம் இருப்பதில்லை. முதல் மாதமே 10,000 திரும்பிப் போய்விடுகிறது. குறைந்துகொண்டே போகும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் வட்டி மாதத்துக்கு 2 சதவீதம், ஆண்டுக்கு 24 வருகிறது. சாதாரண கிரெடிட் கார்டு வட்டியை ஒத்த விகிதம்தான்.

தவணைத் திட்டத்தில் வட்டி ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. ரொக்கத் தள்ளுபடியை மறுப்பது ஒன்று. பிராசசிங் கட்டணம் இன்னொன்று. சில இடங்களில் வட்டிக்கும் கட்டணத்துக்கும் மேல் வரி வேறு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே இதைச் சுட்டிக்காட்டியது. கிரெடிட் கார்டு பாக்கிக்குத் தரும் பூஜ்ஜிய சதவீதத் தவணைகளில் வட்டியைப் பிராசசிங் கட்டணமாக மாற்றி வாடிக்கையாளரிடமே வாங்குவதாகச் சொல்லி, அந்த நடைமுறை கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஏஜென்டிடம் இப்படிக் கேளுங்கள்: "இன்றே முழுப்பணம் தந்தால் கடைசி விலை என்ன?" அந்த விலைக்கும், எல்லாத் தவணையும் கட்டணமும் சேர்ந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி. வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றால் தாராளமாகத் தவணையில் வாங்கலாம்.

கேள்வி: என் சாதாரணக் கார்டில் 50 நாள் வட்டி இல்லை என்றார்கள். 3,000-க்கு ஓட்டல் பதிவு செய்தேன். கெடு தேதியில் 2,900 கட்டினேன். 100 பாக்கிக்கு இவ்வளவு வட்டியா?

வட்டி 100-க்கு மட்டும் போடவில்லை. பல வங்கிகளின் ஒப்பந்தப்படி, முழுத்தொகையும் கட்டினால்தான் சலுகை நாட்கள் உண்டு. ஒரு பகுதி குறைந்தாலும் சலுகையே இல்லை என்று ஆகிவிடும். நீங்கள் மார்ச் 6-ல் பதிவு செய்து ஏப்ரல் 25-ல் 2,900 கட்டியிருந்தால், நடுவில் 50 நாள். 3,000-க்கு ஆண்டுக்கு 24 சதவீதம் வீதம் 50 நாள் வட்டி ஏறக்குறைய 99. நிற்கும் 100-க்கு அதற்குப் பிறகான நாட்களின் வட்டி தனி. 100 குறைத்ததற்கு ஏறக்குறைய இன்னொரு 100 அபராதம் போல ஆகிவிட்டது.

இதில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாக்கி நிற்கும் வரை, நீங்கள் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுவதும் கட்டிய பிறகும், பில் வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அடுத்த பில்லில் சிறு தொகையாக வரலாம். அதையும் உடனே கட்டித் தீர்த்தால்தான் சலுகை நாட்கள் திரும்பும். அதனால் அந்தக் கார்டைக் கொஞ்ச காலம் எடுக்காமல் ஓரமாக வையுங்கள்.

50 நாள் எல்லாச் செலவுக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பில் தேதி 5 என்றால், 6-ம் தேதி செய்த செலவுக்கு 50 நாள். 4-ம் தேதி செய்த செலவுக்கு 21 நாள்தான். பெரிய செலவைப் பில் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ செய்வது நல்லது.

கேள்வி: ஒரு தவணை இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. பூஜ்ஜிய வட்டி போய்விடுமா?

போகலாம். தாமதமானால் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பல வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. இன்றே கட்டுங்கள், இன்றே அழையுங்கள். முதல் தடவை என்றால் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, சலுகையைத் தொடரும்படி கேளுங்கள். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலிலோ செயலியின் செய்திப் பெட்டியிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இப்படி நடக்காமலிருக்க ஆட்டோ டெபிட் போடுங்கள். ஆனால் போட்ட மாதத்திலேயே அது வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பில்லுக்கு அது பொருந்தாமல் அடுத்த பில்லிலிருந்து தொடங்குவது வழக்கம். முதல் தவணையைக் கையால் கட்டுங்கள். ஆட்டோ டெபிட்டைக் குறைந்தபட்சத் தொகைக்கு வைத்தால் போதாது. 260 என்ற நிலையான தொகைக்கு வைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீதியைச் சம்பளம் வந்த மறுநாள் தனியாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: அந்தக் கார்டிலேயே ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துக்கொண்டு பயணம் போகலாமா?

வேண்டவே வேண்டாம். பூஜ்ஜிய வட்டி, வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும்தான். பணமாக எடுத்தால் அந்த நிமிடமே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அந்நிய நாணயம் வாங்குவது, வாலட்டில் பணம் ஏற்றுவது, சூதாட்டக் கூடத்தில் டோக்கன் வாங்குவது எல்லாவற்றையும் பல வங்கிகள் பணம் எடுத்ததாகவே கணக்கு வைக்கின்றன. பூஜ்ஜிய வட்டிப் பாக்கியும் வட்டி ஓடும் பாக்கியும் ஒரே கார்டில் கலந்தால், நீங்கள் கட்டும் பணம் எதற்குப் போகிறது என்ற குழப்பமும் வரும். அமெரிக்காவில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டுவது அதிக வட்டியுள்ள பாக்கிக்கே முதலில் போக வேண்டும். எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கலக்காமல் இருப்பதே சுலபம்.

கேள்வி: வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது, "உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று கருவி கேட்கிறது. என்ன சொல்ல வேண்டும்?

அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டு நாணயம் என்றால் தொகை உடனே புரியும், ஆனால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடையின் பக்கம் இருப்பவர்கள். அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். சிப்பந்தி தானாகவே பொத்தானை அழுத்திவிட்டால் கையெழுத்திடாமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

ஊர் நாணயத்தில் கட்டினாலும் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ஓட்டலின் தளத்தில் பதிவு செய்தாலும் இது உண்டு என்பது பலருக்கும் பில் வந்த பிறகுதான் தெரிகிறது. 3,600-ஐ 15 மாதத்தில் வட்டியில்லாமல் அடைப்பதால் மிச்சமாவது சுமார் 576. அதில் அந்நியக் கட்டணம் 3 சதவீதம், ஏஜென்ட் கார்டுக்காகப் போடும் கூடுதல் 2 சதவீதம் என்றால் 180 கழிந்துவிடும். விமானம், தங்குமிடம் போன்ற பெரிய பதிவுகளைச் சொந்த நாணயத்தில் பில் போடும் இடத்தில் பூஜ்ஜிய வட்டிக் கார்டில் முடியுங்கள். போன இடத்தில் ஆகும் அன்றாடச் செலவை அந்நியக் கட்டணம் இல்லாத வேறு கார்டில் செய்து, அதை அந்த மாதமே அடைத்துவிடுங்கள்.

கேள்வி: லிமிட் 4,000. பயணத்துக்கு 3,600 போட்டுவிட்டேன். ஓட்டலில் கார்டு செல்லவில்லை. 400 மிச்சம் இருந்ததே?

ஓட்டல்காரர்கள் உள்ளே நுழையும்போதே ஒரு தொகையை முன்பிடித்தம் செய்கிறார்கள். வாடகைக் கார் நிறுவனங்கள் இன்னும் பெரிய தொகை பிடிக்கும். அந்தப் பணம் கணக்கிலிருந்து போகாது, ஆனால் லிமிட்டில் அடைபட்டு நிற்கும். காலி செய்த பிறகும் விடுபடச் சில நாள் ஆகும், சில சமயம் வாரங்கள்கூட. முன்பிடித்தம் 500 என்றால் உங்கள் 400 போதாது.

லிமிட்டில் கால் பங்காவது காலியாக வைத்திருங்கள். முன்பிடித்தத்துக்கு வேறு கார்டைக் கொடுங்கள். கார் வாடகைக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி பெயரில் கார்டு, ஓட்டுவது கணவர் என்றால் சாவி கைக்கு வராமல் நிற்க நேரும்.

கேள்வி: நிறுவனம் திவாலாகிவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும்? கார்டில் கட்டுவதால் பாதுகாப்பு உண்டா?

உண்டு. வட்டியை விட இதுவே கார்டில் கட்டுவதற்குப் பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

பிரிட்டனில் 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு, விற்றவரோடு கார்டு நிறுவனத்தையும் சமப் பொறுப்பாளி ஆக்குகிறது. வாங்கிய ஒன்றின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டி மீதியை வேறு வழியில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கோரலாம். ஆனால் கார்டு நிறுவனம், நீங்கள், சேவை தருபவர் என்ற மூவருக்கும் இடையே நேரான தொடர்பு வேண்டும். நடுவில் ஒரு வாலட்டோ டிக்கெட் வாங்கித் தரும் இடைத்தரகரோ வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகலாம். குடும்பத்தினருக்கு வாங்கிய கூடுதல் கார்டில் அவர்கள் செய்த செலவிலும் இந்தச் சிக்கல் எழும்.

அமெரிக்காவில் 1974-ல் வந்த நியாயமான கடன் பில் சட்டம் இருக்கிறது. சேவை கிடைக்கவில்லை என்றால், அந்தச் செலவு வந்த முதல் பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பயணத்தை ஆறு மாதம் முன்பே பதிவு செய்தவருக்கு இந்த 60 நாள் பயணம் தொடங்கும் முன்பே கடந்துபோயிருக்கும். அங்கே கைகொடுப்பது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை உங்கள் வங்கி வழியாக விற்றவரிடமிருந்து திரும்பப் பெறுவது. இது விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் சொந்த விதி. சேவை கிடைக்காத வழக்குகளில், அது கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் தருகிறது.

வங்கியிடம் போகும்போது பதிவு உறுதிச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, ரத்து பற்றி வந்த செய்தி, பணத்தைத் திருப்பிக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். விற்றவரிடம் கேட்டதற்குச் சான்று இல்லை என்பதால் திரும்பி வரும் கோரிக்கைகள் உண்டு. வழக்கு நடக்கும்போதும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: விமான நிறுவனம் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டது. ஆனால் தவணை இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. ஏன்?

டிக்கெட் ஒரு கணக்கு, தவணைக் கடன் வேறு கணக்கு. திரும்பிய பணம் கார்டின் பொதுக் கணக்கில் வரவாக நிற்கிறது. தவணைக் கடன் தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஒன்றை வைத்து மற்றதை அடைக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். பணம் வரவானதும் வங்கியை அழைத்து, "இந்தத் தவணையை ரத்து செய்யுங்கள்" என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரத்து செய்வதற்கும் முன்கூட்டியே முடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்முடிவு என்று பதிந்தால் அதற்கொரு கட்டணம் கேட்கலாம். கட்டிய பிராசசிங் கட்டணமும் அதுவரை போன வட்டியும் பல இடங்களில் திரும்புவதில்லை.

தவணை இல்லாத சாதாரணச் செலவு திரும்பினாலும் ஒன்று கவனியுங்கள். திரும்பிய பணத்தை அந்த மாதக் குறைந்தபட்சத் தொகையாக எல்லா வங்கியும் ஏற்பதில்லை. பெரிய தொகை வரவாகியிருக்கிறதே என்று சும்மா இருந்தால் தாமதக் கட்டணம் விழலாம். பில்லில் எவ்வளவு கேட்டிருக்கிறதோ அதைக் கட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள். அந்நிய நாணயத்தில் வாங்கியது என்றால், திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில்தான் வரும். கொடுத்ததைவிடக் குறைவாக வந்தால் வங்கி தவறு செய்துவிட்டது என்று பொருளல்ல.

கேள்வி: அடுத்த மாதம் வட்டியில்லா காலம் முடிகிறது. 2,000 பாக்கி. என்ன வழி?

சேமிப்பில் பணம் இருந்தால், அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைக் கொண்டுவந்து இதை அடையுங்கள். சேமிப்புக்கு வரும் வட்டி, கார்டு வட்டிக்கு ஈடாகாது.

இல்லையென்றால் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். மாற்றிய பாக்கிக்குப் பூஜ்ஜிய வட்டி தரும் இன்னொரு வங்கியின் கார்டுக்குப் பாக்கியை மாற்றுவது. கட்டணம் 3 சதவீதம் என்றால் 60. இங்கேயே வைத்து 12 மாதத்தில் அடைத்தால் வட்டி சுமார் 260 ஆகும். 200 மிச்சம். ஆனால் ஒரே வங்கிக் குழுமத்துக்குள் மாற்ற முடியாது. புதுக் கார்டு வந்து, பணம் மாறிச் சேர நாளாகும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். மாற்றம் முடிந்தது என்று பழைய கார்டின் கணக்கில் தெரியும் வரை அங்கே தவணை கட்டுவதை நிறுத்தாதீர்கள். புதுக் கார்டில் பொருள் எதுவும் வாங்காதீர்கள். மாற்றிய பாக்கிக்குத்தான் பூஜ்ஜியம், புதுச் செலவுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

மாற்றியவுடன் மாதத் தொகையை எழுதி வையுங்கள்: பத்து மாதத்தில் முடிப்பதென்றால் 2,060-ஐ பத்தால் வகுத்து 206. ஒரே பயணத்துக்காக மூன்றாவது கார்டுக்குப் போக நேர்ந்தால், பயணம் வருமானத்தைத் தாண்டிப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கப்போகிறேன். இப்போது பயணத்துக்குக் கார்டு எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். புது விண்ணப்பமும், லிமிட்டில் முக்கால் பங்கு நிரம்பிய கார்டும் கடன் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். வீட்டுக் கடனில் வட்டி சிறிது கூடினாலும் அது இருபது ஆண்டு தொடரும்.

கேள்வி: சேமித்துவிட்டுப் போவதா, கார்டில் போய்விட்டுக் கட்டுவதா? எது உங்கள் யோசனை?

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறோம். கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம், தவணையாகக் கட்டப்போகும் அதே 260-ஐ தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். எந்தச் செலவையும் தள்ளாமல், யாரிடமும் கைமாற்று வாங்காமல் மூன்று மாதமும் முடிந்தால், உங்களால் கட்ட முடியும். கையில் 780 சேர்ந்திருக்கும். கார்டில் 2,820 மட்டும் போட்டால் போதும், தவணை 11-ஆகக் குறையும். இரண்டாம் மாதமே அதில் கை வைக்க நேர்ந்தால், அந்தத் தொகை உங்கள் குடும்பத்துக்கு இப்போது அதிகம். பயணத்தைக் குறையுங்கள், அல்லது ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். குழந்தைகளிடம் சொல்லக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் பயணம் முடிந்து வந்து ஒரு வருடம் அதற்கான பில்லை அச்சத்தோடு திறப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆண்டுதோறும் பயணம் போகிறவர் என்றால் இன்னொன்றும் பாருங்கள். இந்த ஆண்டுக் கடன், அடுத்த ஆண்டுப் பயணத்தைப் பதிவு செய்யும் நாளுக்கு முன்னால் முடிய வேண்டும். 18 மாதம் கிடைத்தாலும் உங்கள் கணக்கில் 11 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். கார்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

உடனே வேண்டாம். கடைசித் தவணைக்குப் பிறகு இரண்டு பில் வரட்டும். இரண்டிலும் பாக்கி பூஜ்ஜியம் என்று இருந்தால்தான் கணக்கு தீர்ந்தது. ஓட்டல், கார் நிறுவனம் போன்றவை சுங்கக் கட்டணம், அபராதம் என்று தாமதமாக எடுக்கும் தொகை ஏதேனும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். மாதச் சந்தா எதுவும் இந்தக் கார்டில் இணைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு என்றால் அது விழும் தேதிக்கு முன்பே மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், மூடியதற்கான கடிதத்தையும் வாங்குங்கள். ஆட்டோ டெபிட்டைக் கடைசியாக நிறுத்துங்கள், அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு.